கொம்புக்கு வர்ணம், காலிபருக்கு வர்ணம்



சாயங்காலம் நடை போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். தெருவோரம் நிற்கும் சில கார்களின் சக்கரத்துக்குள், அலாய் வீல் கம்பிகளுக்கு நடுவே, சிவப்பாக ஏதோ ஒன்று தெரியும். சிலவற்றில் மஞ்சள், ஒன்றிரண்டில் கிளிப்பச்சை. அது பிரேக் காலிபர். நம் ஊரில் விற்கும் சாதாரண கார்களில் அது சாம்பல் நிற இரும்பாகத்தான் வரும், ஒரு மழைக்காலம் போனால் துருவும் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பையன்கள் அதற்கு வர்ணம் அடிக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களில் பலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. "பிரேக்குக்கு உதட்டுச் சாயம் பூசுறான் பாருங்க" என்று ஒரு நண்பர் சொன்னார். "அந்தக் காசுக்கு நாலு லிட்டர் பெட்ரோல் போடலாம்" என்றார் இன்னொருவர். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பிரேக் பாகங்களின் தரப் பரிசோதனையில் கழிந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பையன்கள் அடிக்கட்டும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முறையோடு செய்தால் அந்தக் காருக்கு அதைவிட நல்ல பராமரிப்பு வேறு இல்லை. முறை தவறினால் வர்ணம் நன்றாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

காலிபர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஓட்டிய சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் இல்லையா? அதே வேலைதான். காரில் ரிம்முக்குப் பதில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு, அதாவது டிஸ்க், இருக்கிறது. ரப்பருக்குப் பதில் பிரேக் பேடு. அந்தப் பேடுகளைப் பிடித்து டிஸ்க்கை நெருக்கும் இடுக்கிதான் காலிபர். பெடலை மிதித்தால் குழாய் வழியாக பிரேக் ஆயில் அழுத்தம் கொடுக்கும், உள்ளே இருக்கும் பிஸ்டன் ஒரு பேடைத் தள்ளும். காலிபர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கப் பேடையும் இழுத்துச் சேர்க்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான்.

நம் தலைமுறை அம்பாசடரும் பியட்டும் பார்த்து வளர்ந்தது. அவற்றில் நெடுங்காலம் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்மில் எல்லாம் மூடிக்கொண்டு இருக்கும், வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது. டிஸ்க் பிரேக் புதிய சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. நம் பகுதிக்கு வருவோம். 1996-ல் ஹூண்டாய் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-ல் சாண்ட்ரோ வெளியே வந்தது. அதில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம். இன்றைக்கும் நம் தெருவில் நிற்கும் சிறிய கார்களில் முக்கால்வாசி இதே ஏற்பாடுதான்.

சரி, சிவப்பு எங்கிருந்து வந்தது? இத்தாலியில் பெர்கமோ பக்கம் 1961-ல் தொடங்கிய பிரெம்போ என்ற பிரேக் கம்பெனி இருக்கிறது. பெராரி பந்தயக் கார்களுக்கு 1975-ல் இருந்து பிரேக் கொடுக்கும் கம்பெனி. சிவப்புக் காலிபர் என்றதும் கார்ப் பிரியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். போர்ஷே கார்களில் இந்த நிறங்களுக்கு அர்த்தமே உண்டு. மஞ்சள் காலிபர் என்றால் செராமிக் டிஸ்க் போட்ட பிரேக். பளிச்சென்ற பச்சை என்றால் மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் வண்டி. அங்கே நிறம் ஒரு முத்திரை மாதிரி. உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்கிறது.

நம் தெருவில் சிவப்பு ஒன்றையும் சொல்வதில்லை. அதே பழைய காலிபர், அதே பேடு, அதே டிஸ்க். சிவப்பு அடித்ததால் வண்டி ஓர் அடி கூட முன்னால் நிற்காது. இதை நான் முதலிலேயே பையன்களிடம் சொல்லிவிடுவேன். அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அடிக்கிறார்கள். அப்புறம் ஏன் அடிக்கிறார்கள் என்று யோசித்தபோது எனக்கு மாட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது.

ஒரகடம், மாத்தூர், வல்லம், வடகால் எல்லாம் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் என்பதை இப்போது வந்து குடியேறியவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்காட் வந்தது. 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடத்தில் வரிசையாக வந்தன. அதற்கு முன்னால் இங்கே வீட்டுக்கு வீடு ஏர் மாடு இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் அந்த மாட்டின் கொம்புக்கு நீலமும் சிவப்பும் பச்சையும் அடிப்போம். கொம்புக்கு வர்ணம் அடித்தால் மாடு வேகமாக உழுமா? உழாது. யாராவது அதைக் கேட்டுச் சிரித்தோமா? சிரிக்கவில்லை. வருடம் முழுதும் நமக்காக உழைத்த பிராணிக்கு ஒருநாள் மரியாதை, அவ்வளவுதான்.

ஆனால் கொம்புக்கு வர்ணம் அடிப்பதற்கு முன் என்ன செய்தோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மாட்டை ஏரிக்கு ஓட்டிப்போய் வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவோம். குளிப்பாட்டும்போது கழுத்தில் நுகத்தடி உரசிய புண் கண்ணில் படும். குளம்பில் கல் சிக்கியிருந்தால் தெரியும். லாடம் தேய்ந்திருந்தால் தெரியும். உண்ணி பிடித்திருந்தால் கையில் தட்டுப்படும். இதெல்லாம் முடிந்து கொம்பைச் சீவி வழவழப்பாக்கிய பிறகுதான் வர்ணக் கிண்ணத்தைத் தொடுவோம். வர்ணம் கடைசி வேலை. அதற்கு முந்தின வேலைதான் மாட்டுக்கு நல்லது செய்தது.

காலிபருக்கும் அதே நியாயம்தான். பெரும்பாலான கார் சொந்தக்காரர்கள் தங்கள் வண்டியின் பிரேக்கை வாழ்நாளில் ஒருமுறை கூட நேரில் பார்ப்பதில்லை. சர்வீஸ் சென்டரில் விடுகிறோம், கழுவித் துடைத்துக் கொடுக்கிறார்கள், பில்லைப் பார்க்கிறோம், காசு கட்டுகிறோம். பிரேக் சரியாக இருக்கிற வரைக்கும் அது இருப்பதே தெரியாது. ஸ்ரீபெரும்புதூர்த் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. அத்தனை பெரிய தேரைப் பார்த்து வியக்கிறவர்களில் எத்தனை பேர் குனிந்து அந்தப் பிரேக்கைப் பார்த்திருப்பார்கள்? வர்ணம் அடிக்கும் ஆசையாவது நம் பையன்களைச் சக்கரத்தைக் கழற்ற வைக்கிறதே என்பதுதான் என் சந்தோஷம்.

எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தவாசிப் பக்கம் சொந்த ஊர். இந்தப் பாதையில் இருக்கும் ஒரு கார்த் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை. விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் போய் ஷிப்ட் முடித்துத் திரும்புகிற பையன். சேர்த்து வைத்த காசில் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய இரண்டாவது மாதம் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான். "சார், நீங்க பிரேக்கு டிபார்ட்மெண்ட்ல இருந்தீங்களாமே, கொஞ்சம் கூட இருங்க சார்" என்றான். நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூட இருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றியதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "சார், ஒரு ஷிப்டுக்கு நூத்துக்கணக்குல வண்டிக்கு முன்பக்கம் போல்ட் இறுக்குறேன். எல்லாம் புதுசா பளபளன்னு வரும், இறுக்குவேன், போயிடும். ஓடின வண்டியில இது எப்படி இருக்கும்னு இப்பத்தான் சார் பாக்குறேன்."

இந்தப் பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை. கார் செய்கிற ஊரில் இருக்கிறோம். தினமும் கையால் காரைத் தொடுகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு முழு வேலையை முதலில் இருந்து கடைசி வரை செய்து பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்கிற கணக்கில் லைன் ஓடும்போது ஒருவருக்கு ஒரு போல்ட்தான் பங்கு. அதில் தப்பு என்று சொல்ல மாட்டேன், பெரிய அளவில் உற்பத்தி என்றால் அப்படித்தான். ஆனால் கழற்றி, சுத்தம் செய்து, பழுது பார்த்து, வர்ணம் அடித்து, மாட்டி, ஓட்டிப் பார்த்து "இது நான் செய்தது" என்று சொல்வது வேறு. வாசலில் உட்கார்ந்து காலிபருக்கு வர்ணம் அடிக்கும் பையனுக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்கிறது. அதைப் பார்த்து நாம் சிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்றைக்கு அந்த வண்டியில் என்ன கண்டுபிடித்தோம் தெரியுமா? இடது முன்சக்கரத்தில் உள்பக்கப் பேடு 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கப் பேடு 7 மில்லிமீட்டர் இருந்தது. காலிபர் வழுக்கி நகர வேண்டிய பின்களில் ஒன்று கிரீஸ் காய்ந்து இறுகிப் போயிருந்தது. இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் உள்பக்கப் பேடு முழுதும் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசியிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. சிவப்பு ஆசை இல்லாவிட்டால் அந்தப் பின்னை யார் பார்த்திருப்பார்கள்? அன்று பெயிண்ட் டப்பா திறக்கவே இல்லை. புதுப் பேடு வாங்கி, பின்னைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட்டு, ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அடுத்த ஞாயிறுதான் வர்ணம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தெரிந்தவர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மகன் ஆசைப்பட்டான் என்று மெயின் ரோட்டில் ஒரு கார் அலங்காரக் கடையில் வண்டியை விட்டார். அங்கே சக்கரத்தைக் கழற்றாமல், கம்பிகளின் இடைவெளியில் ஸ்ப்ரே டப்பாவை நீட்டி இருபது நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க் மேலும் பெயிண்ட், பேடு ஓரத்தில் பெயிண்ட், பின்களை மூடியிருக்கும் ரப்பர் உறை மேலும் பெயிண்ட். பேடு அதன் தாங்கியில் ஒட்டிக்கொண்டது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலும் பேடு டிஸ்க்கை விடவில்லை. தாம்பரம் போவதற்குள் கருகும் வாசனை, சக்கரம் தொட முடியாத சூடு. நல்லவேளையாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். நான் முறை என்று சொல்வது இதனால்தான்.

சூட்டைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து முழுதாக நிற்கும்போது உண்டாகும் வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இது நடக்கிறது. ஒரகடம் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் பரவாயில்லை, நடுவில் காற்றில் ஆறிக்கொள்ளும். ஏலகிரியின் 14 வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது ஆற நேரம் இருக்காது. டிஸ்க்கின் சூடு சில நூறு டிகிரிக்குப் போகும். காலிபர் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் சாதாரண எனாமல் அங்கே தாங்காது. பழுத்து, உரிந்து, ஒட்டும். அதனால் சூடு தாங்கும் பெயிண்ட் என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். காலிபருக்கென்றே விற்பது கிடைக்கிறது.

வர்ணம் அடித்தால் சூடு உள்ளே தங்கிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். சூடு பெரும்பாலும் டிஸ்க்கில் இருந்து காற்றுக்குப் போகிறது. காலிபர் மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு இருப்பதால் குறிப்பிடும்படி எதுவும் ஆகாது. சட்டப்படி சரியா என்றும் கேட்கிறார்கள். வண்டியின் உடல் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும், அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். காலிபர் நிறத்துக்கு ஆர்.சி.யில் இடமே கிடையாது.

இனி செய்யும் முறை. பிள்ளைகளிடமோ பேரன்களிடமோ படித்துக் காட்டுங்கள்.

சமதளமான தரை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி உட்கார வைக்க வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ காலோ நீட்டக் கூடாது. செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்துவதும் கூடாது. ஹாலோ பிளாக் பாரத்தில் சொல்லாமல் உடையும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் அதட்டலாம்.

சக்கரம் கழன்றதும் பார்வை நேரம். பேடு எவ்வளவு இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவா, ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா, பிரேக் ஹோஸில் வெடிப்பு உண்டா, எங்காவது ஆயில் கசிந்த ஈரம் தெரிகிறதா. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வர்ணம் வேண்டாம், மெக்கானிக்கிடம் போக வேண்டும். பிரேக் ஆயிலையும் கேளுங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரி. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால்தான் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்?

அடுத்து சுத்தம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்து, பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதவே கூடாது, மூச்சில் போனால் கெடுதல். முகமூடி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. எங்கள் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் நேரத்தைவிட அதற்கு முன் கழுவி உலர்த்தும் நேரம்தான் அதிகம். வீட்டிலும் அதே கணக்குதான். நாலு மணி நேர வேலையில் மூன்று மணி நேரம் சுத்தத்துக்கு.

பிறகு மறைப்பது. பேப்பரும் மாஸ்கிங் டேப்பும் கொண்டு டிஸ்க், பேடு, பின்களின் ரப்பர் உறை, பிஸ்டன் ரப்பர், பிரேக் ஹோஸ், காற்று எடுக்கும் நிப்பிள், பக்கத்தில் வரும் ஏ.பி.எஸ். சென்சார் ஒயர் எல்லாவற்றையும் மூட வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், ஆகவே அந்த ஒயர் உங்கள் வண்டியிலும் இருக்கலாம். சக்கரம் வந்து உட்காரும் ஹப் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயிண்ட் படவே கூடாது. அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளரும்.

என்னைக் கேட்டால் ஸ்ப்ரே வேண்டாம், அரை இஞ்ச் பிரஷ் போதும். பிரஷ் போகச் சொன்ன இடத்துக்குத்தான் போகும். மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவில் டப்பாவில் சொன்ன நேரம் காய விட வேண்டும். காலிபரைக் கழற்றுவதாக இருந்தால் பிரேக் ஹோஸில் தொங்க விடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் கழற்றாமல், இருந்த இடத்திலேயே அடிப்பது நல்லது. பின்சக்கர டிரம்முக்கும் வெளிப்பக்கம் மட்டும் இதே மாதிரி அடிக்கலாம்.

காய்ந்த பிறகு டேப், பேப்பர் ஒன்று விடாமல் எடுத்து, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்க்க வேண்டும். பேடு மாற்றி பிஸ்டனைத் தள்ளியிருந்தால் முதல் சில மிதி வெறுமனே போகும், அது தெரியாமல் கிளம்பினால் எதிர்வீட்டுச் சுவரில்தான் நிற்பீர்கள். முதல் ஓட்டம் நம் தெருவுக்குள், நடை வேகத்தில். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

காலம் பார்த்தும் செய்ய வேண்டும். ஆடிக் காற்றில் அடித்தால் ஈரப் பெயிண்ட்டின் மேல் மண் படிந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது. தை, மாசி நம் ஊருக்குப் பொருத்தம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் தொடங்க வேண்டும். தின்னர் நனைத்த துணியையும் காலி டப்பாவையும் போகி நெருப்பில் போடாதீர்கள். பிரஷ் கழுவிய தண்ணீரைத் தெருக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது ஏரிக்குத்தான் போகும். அந்த ஏரியில் மாடு குளித்தது போதாதா, பெயிண்ட்டும் குளிக்க வேண்டுமா?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் "வேலையத்த வேலை" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். டார்ச் பிடியுங்கள். "பேடு எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் சந்தோஷம். தெரியவில்லை என்றால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் அவனுடைய இஷ்டம், அதில் நமக்கு வேலை இல்லை. அந்த வண்டி அடுத்த நாள் நாமும் நம் பேரக் குழந்தைகளும் நடக்கிற அதே தெருவில்தான் வரப்போகிறது. அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது நமக்கும் வேண்டிய காரியம்.

என்னிடம் இரண்டு ஜாக் ஸ்டாண்டும் ஒரு டார்க் ரெஞ்சும் இருக்கின்றன. எங்கள் நகரில் யாருக்கு வேண்டுமானாலும் இரவல் தருகிறேன். சாயங்காலத்துக்குள் துடைத்துத் திருப்பித் தந்துவிட வேண்டும்.